கஞ்சாவின் பெயரில் வரும் வேறொரு பொருள்

'செயற்கைக் கஞ்சா' என்ற சொல்லைச் செய்தியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். செடியில் விளைகிற கஞ்சாவை ஆலையில் தயாரிக்கிறார்களா? டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வசதியாக உட்காருங்கள். ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் அதில் பாதிதான் புரியும். மெதுவாகப் பேசுவோம்.

இந்தப் பொருள் கெடுக்கும் பலவற்றில் இரண்டை, பக்கத்தில் இருப்பவர்கள் பாதிப்பு என்றே நினைப்பதில்லை. ஒன்று, ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன். மற்றொன்று, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையை அறியும் திறன். இவை குறைந்தால் வீட்டில் அதைத் திமிர் என்கிறார்கள், பொறுப்பில்லாத்தனம் என்கிறார்கள், பாசமே போய்விட்டது என்கிறார்கள். அப்படியில்லை என்று சொல்வதற்குத்தான் இந்தப் பத்தி.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். கஞ்சாவில் போதை தரும் மூலப்பொருள் டி.எச்.சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெகியேல் கவோனியும் அதைத் தூய நிலையில் பிரித்து, அதன் வேதியமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அது மூளை செல்களில் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு சி.பி.1 ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பிக்கான மரபணு 1990-ல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், அந்த ஏற்பிக்கென்று நம் உடலே சுரக்கும் பொருளும் தெரியவந்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். கஞ்சா பிடிப்பவருக்காக ஏற்பட்ட பூட்டு இல்லை அந்த ஏற்பி. பசி, வலி, நினைவு, பயம், தூக்கம் எல்லாவற்றையும் அளவோடு நடத்த உடல் வைத்திருக்கும் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று அறிய ஆய்வாளர்களுக்குப் புதிய மூலக்கூறுகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர் தம் குழுவோடு நூற்றுக்கணக்கில் அவற்றைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஒரு எண்ணும் பெயராயின. ஜே.டபிள்யூ.எச்-018 அவற்றில் ஒன்று. எல்லாம் ஆய்வகத்துக்காகச் செய்தவை. ஆய்விதழ்களில் செய்முறையோடு வெளியானவை. அந்தப் பக்கங்களை வேறு சிலரும் படித்தார்கள்.

2000-களின் நடுவில் ஐரோப்பியக் கடைகளில் 'ஸ்பைஸ்' என்ற பளபளப்பான பொட்டலங்கள் வந்தன. உள்ளே காய்ந்த இலைத்தூள். மேலே 'நறுமணப் புகைக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல' என்ற மாதிரி ஒரு வாசகம். மூலிகைக் கலவை என்றே விற்றார்கள். 2008 டிசம்பரில் ஜெர்மனியில் அதைப் பகுத்துப் பார்த்தபோதுதான் இலையின் மேல் ஜே.டபிள்யூ.எச்-018 தெளிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 2009 ஜனவரியில் ஜெர்மனி தடை விதித்தது. நான்கு வாரத்துக்குள் தடைப் பட்டியலில் இல்லாத ஜே.டபிள்யூ.எச்-073 அதே மாதிரிப் பொட்டலத்தில் வந்துவிட்டது. அன்றிலிருந்து கதை இப்படித்தான் நடக்கிறது. ஒரு மூலக்கூறைத் தடை செய்தால், ஓரிரு அணுக்களை மாற்றிய இன்னொன்று வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் போதைப்பொருள் முகமை இதுவரை 200-க்கும் மேற்பட்ட இத்தகைய மூலக்கூறுகளை, அதாவது செயற்கைக் கன்னாபினாய்டுகளை, பதிவு செய்திருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு 'கே2' என்று பெயர். துருக்கியில் 'போன்சாய்', இஸ்ரேலில் 'நைஸ் கை'. தமிழ் வம்சாவளியினர் பல தலைமுறையாக வாழும் மொரீஷியஸில் 'சிமிக்'. விலை மலிவு. கஞ்சாவுக்கான வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இது சிக்காது. அதனால் சிறைச்சாலைகளுக்குள் எளிதாகப் பரவியது. பிரிட்டிஷ் சிறைகளில் காகிதத்தை இந்தப் பொருளின் கரைசலில் நனைத்துக் காயவைத்து, கடிதம்போல் உள்ளே அனுப்பும் வழக்கம் உண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கஞ்சாவும் இதுவும் அதே ஏற்பியில்தான் ஒட்டுகின்றன. பிறகு என்ன வித்தியாசம்?

இந்த டீயைப் போட்ட கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டி.எச்.சி. அந்த அடுப்பின் திருகைப் பாதிவரைதான் திருப்ப வல்லது. எவ்வளவு டி.எச்.சி. வந்து குவிந்தாலும் அந்தத் திருகு பாதியைத் தாண்டாது. செயற்கைக் கன்னாபினாய்டுகளில் பெரும்பாலானவை திருகை முழுதாகத் திருப்பிவிடும். மருந்தியலில் முதலாவதைப் பகுதித் தூண்டி என்றும் இரண்டாவதை முழுத் தூண்டி என்றும் சொல்வார்கள். 'கஞ்சாவைவிடக் கொஞ்சம் வீரியம்' என்று நினைத்துப் புகைப்பவர், கஞ்சா ஒருபோதும் தொடாத எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

மூளைக்குள் அதன் விளைவு என்ன? ஒரு நரம்புசெல் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்புகிறது. தகவல் அளவுக்கு மீறி வந்தால், வாங்குகிற செல் ஆனந்தமைடு போன்ற பொருளைச் சுரந்து அனுப்புகிற செல்லை நோக்கியே திருப்பி அனுப்பும். அனுப்புகிற செல்லின் முனையில் சி.பி.1 இருக்கிறது. அது தூண்டப்பட்டதும் தகவல் குறையும். தேவைப்பட்ட இடத்தில் மட்டும், தேவைப்பட்ட அளவு மட்டும், சில நொடிகளுக்கு மட்டும். வேலை முடிந்ததும் நொதிகள் அந்தப் பொருளைச் சிதைத்துவிடும். வெளியிலிருந்து வரும் முழுத் தூண்டிக்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. மூளை முழுவதும் ஒரே சமயத்தில், நீண்ட நேரம், 'நிறுத்து, நிறுத்து' என்ற கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. உடல் அந்தப் பொருளைச் சிதைத்த பிறகு மிஞ்சும் துணுக்குகளில் சிலவும் அதே வேலையைத் தொடர்கின்றன.

சி.பி.1 ஏற்பிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தால் அடுத்து வருவது தானாகப் புரியும். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் நிறைய. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்மூளைப் புறணியில் நிறைய. பயத்தையும் பிறர் முகத்திலுள்ள அபாயக்குறியையும் உணரும் அமிக்டலாவில் நிறைய. உடல் அசைவைச் சீராக்கும் பகுதிகளிலும் நிறைய.

இதோடு தயாரிப்பின் கோளாறும் சேர்கிறது. வேதித் தூளை அசிட்டோன் போன்ற திரவத்தில் கரைத்து இலையின் மேல் தெளிக்கிறார்கள். சமமாகப் பரவுவதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சிட்டிகையில் பல மடங்கு இருக்கும். 2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் தெருவில் நிலைகுலைந்து நின்றார்கள். வெறித்த பார்வை, இயந்திரம்போல் மெதுவாக அசையும் கைகால், முனகல். கேட்டால் பதில் வர நெடுநேரம். பத்திரிகைகள் 'ஜோம்பி' என்று எழுதின. மருத்துவர்கள் ரத்தத்தையும் பொட்டலத்தையும் பரிசோதித்துக் கண்டுபிடித்த பொருள் ஏ.எம்.பி-ஃபூபினாகா. டி.எச்.சி.யைவிட 85 மடங்கு வீரியம் என்று மறு ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையில் கணித்திருந்தார்கள். அதே 2017-ல் நியூசிலாந்தில் இந்தப் பொருளோடு தொடர்புடைய மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 2019-ல் அந்த நாடு இதை மிகக் கடுமையான தண்டனைக்குரிய பட்டியலில் சேர்த்தது.

தெருவில் விழுகிறவரைக் கேமரா படம் பிடிக்கிறது. அவர் மறுநாள் எழுந்து வீட்டுக்குப் போகிறார். அதற்குப் பிறகு வருவதை யாரும் படம் பிடிப்பதில்லை. நாம் பேச வேண்டியது அதைத்தான்.

இஸ்ரேலில் கோபி கோகென், அவிவ் வைன்ஸ்டைன் ஆகியோர் குழுவாக 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செயற்கைக் கன்னாபினாய்டு பயன்படுத்தியவர்கள் 38 பேர், எப்போதாவது கஞ்சா பிடிப்பவர்கள் 43 பேர், எதையும் தொடாதவர்கள் 41 பேர். மூன்று குழுவுக்கும் ஒரே சோதனைகள்.

அதில் ஒன்றை நீங்களே செய்து பாருங்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறைகின்றன. இப்போது தெரியும் எழுத்து, அதற்கு முந்தியதற்கும் முந்தி வந்த எழுத்தாக இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். க, ம, த, ம. கடைசி 'ம' வந்ததும் அழுத்தினீர்களா? அடுத்து 'ர' வருகிறது, பிறகு மறுபடியும் 'ம'. இப்போதும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் பழையதைக் கைவிட்டுப் புதியதைப் பிடித்து, பிடித்ததை ஒப்பிட்டு, தேவையில்லாதபோது கையை அடக்க வேண்டும். இதற்குச் செயல்நினைவு என்று பெயர். கடைக்காரர் சொன்ன விலையை மனத்தில் வைத்துக்கொண்டு மீதிச் சில்லறையைக் கணக்குப் போடுவதும் இதே திறன்தான்.

இன்னொரு சோதனை: 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு நுனியில் 'சிவப்பு' வந்து நிற்கும், அதை விழுங்கிவிட்டுப் 'பச்சை' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது சோதனை, ஒரு சொற்பட்டியலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நினைவுகூர்வது.

மூன்றிலும் செயற்கைக் கன்னாபினாய்டு பயன்படுத்தியவர்கள் மற்ற இரண்டு குழுக்களையும்விடப் பின்தங்கினார்கள். எழுத்துச் சோதனையில் தவறுகள் அதிகம், நிறச் சோதனையில் தவறும் தாமதமும் அதிகம், சொற்சோதனையில் நினைவுக்கு வந்த சொற்கள் குறைவு. மனச்சோர்வும் பதற்றமும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன. கஞ்சா பிடிப்பவர்களையும்விட இவர்கள் பின்தங்கியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 'கஞ்சாதானே' என்ற அலட்சியத்துக்கு அதில் பதில் இருக்கிறது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். கஞ்சாப் பழக்கமுள்ள ஆறு தன்னார்வலர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில், ஜே.டபிள்யூ.எச்-018 மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான சிறிய முன்னோட்டம் அது. பிறகு அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வுகளில் கவனமும் கை-கண் ஒருங்கிணைப்பும் தற்காலிகமாகக் குறைவதைப் பதிவு செய்தார்கள். தெருவில் கிடைப்பது இந்த அளவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாதது.

இனி முகத்துக்கு வருவோம். மனிதர் முகத்திலுள்ள உணர்ச்சியைப் படிப்பது நமக்குக் கற்றுக்கொண்ட ஒன்றாகவே தெரியாது. அம்மாவின் புருவம் லேசாகச் சுருங்கினாலே வீட்டுக்குள் நுழைந்த பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிடும். ஆய்வகத்தில் இதை அளக்க, சலனமில்லாத ஒரு முகத்தையும் கோபமுள்ள அதே முகத்தையும் கணினியில் படிப்படியாகக் கலப்பார்கள். 20 சதவீதக் கோபம், 40, 60 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். 100 சதவீதம் கோபமான முகத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 40 சதவீதத்தில்தான் திறமை தெரியும். அன்றாட வாழ்க்கையில் நம் முகங்கள் பெரும்பாலும் அந்த 40-க்குள்தான் இருக்கின்றன. யாரும் காலை எழுந்ததிலிருந்து முழுக்கோபத்தோடும் முழுமகிழ்ச்சியோடும் திரிவதில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சந்தினி ஹிந்தோச்சாவும் சக ஆய்வாளர்களும் 48 பேருக்கு இந்தச் சோதனையை வைத்தார்கள். 2015-ல் வெளியான முடிவு இது. டி.எச்.சி. உள்ளிழுத்தவர்கள் 40 சதவீத முகங்களில் தடுமாறினார்கள். கஞ்சாவிலேயே இருக்கும் இன்னொரு பொருளான சி.பி.டி.யை மட்டும் உள்ளிழுத்தபோது, 60 சதவீத முகங்களைக் கண்டறிவது மேம்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது டி.எச்.சி.யால் வந்த தடுமாற்றம் காணப்படவில்லை. கஞ்சாச் செடிக்குள் ஒன்றின் பாதிப்பை இன்னொன்று ஓரளவு தணிக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தெளித்த இலைப் பொட்டலத்தில் அந்தச் சி.பி.டி. இல்லை. தணிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, தூண்டுவது மட்டும் பல மடங்கு.

வேறு ஆய்வுகளில், டி.எச்.சி. எடுத்தவர்களின் அமிக்டலா மிரட்டும் முகங்களுக்குக் குறைவாகவே பதில் அளித்ததை மூளை வரைபடத்தில் கண்டார்கள். சி.பி.1 ஏற்பியைத் தூண்டுவது முகத்தைப் படிக்கும் திறனை மாற்றுகிறது என்பதற்கு இப்படிப் பல திசைகளிலிருந்து சான்று வருகிறது. செயற்கைக் கன்னாபினாய்டை நேரடியாக வைத்து முகவுணர்வைச் சோதித்த ஆய்வுகள் இன்னும் சில மட்டுமே. ஆனால் அதே ஏற்பியை முழுமையாகத் தூண்டும் பொருள் இந்தத் திறனை மட்டும் விட்டுவைக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் சாதாரண முகத்தையும் சலிப்பாகவும் கோபமாகவும் காண்பது தெரிந்த விஷயம். அவை இரண்டும் இவர்களிடம் கூடுதல் என்பதை மேலே பார்த்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இஸ்ரேல் ஆய்வில் பின்தங்கியவர்கள் பலர் சிகிச்சை மையங்களில் சேர்ந்தவர்கள். கூடவே வேறு போதைப்பொருள்களும் எடுத்திருக்கலாம், பழக்கத்துக்கு முன்பே சிலருக்குக் கவனக்குறைவோ மனச்சோர்வோ இருந்திருக்கலாம். ஒரே சமயத்தில் எடுத்த அளவீடு எது முந்தியது என்று தீர்மானிக்காது. ஆனால் தன்னார்வலர்களிடம் கண்ட தற்காலிகக் குறைவும், ஏற்பி எப்படி இயங்குகிறது என்ற அறிவும் ஒரே பக்கம் விரல் நீட்டுகின்றன. குற்றம் சாட்ட இது போதாது, எச்சரிக்கையாக இருக்க இது போதும்.

இனி இந்த இரண்டு குறைகளையும் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். எந்த ஊர் வீடானாலும் சரி. "சாப்பிட்டதும் மாத்திரை போட்டுக்கோ, அப்படியே மாடியில காயற துணிய எடுத்துட்டு வந்துட்டு, சித்தப்பாவுக்கு ஒரு போன் பண்ணிடு" என்று அம்மா சொல்கிறாள். மகன் சாப்பிடுகிறான். மற்றவை நடக்கவில்லை. கால்மணி கழித்து அம்மா வந்து நிற்கிறாள். அவள் முகத்தில் இருப்பது கவலை. அவன் அதைக் கோபமாகப் படிக்கிறான். "ஏன் முறைக்கிற?" என்கிறான். இதுவரை கோபமே இல்லாத முகத்தில் இப்போது கோபம் வருகிறது. அவன் தான் நினைத்தது சரி என்று எடுத்துக்கொள்கிறான். சாயங்காலம் அவனுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அவனைப் புரிந்துகொண்டவர்கள் என்று அவன் நம்புகிற கூட்டம் தெருமுனையில் இருக்கிறது. அங்கே யாரும் நான்கு வேலை சொல்வதில்லை, யார் முகத்தையும் படிக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். பழக்கத்தைக் கைவிட ஒருவருக்கு என்னென்ன வேண்டும்? 'இன்று வேண்டாம்' என்ற தீர்மானத்தை மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும், வருகிற உந்துதலை அடக்க வேண்டும், உதவ வருகிறவர் உதவத்தான் வருகிறார் என்று அவர் முகத்தில் காண வேண்டும். இந்தப் பொருள் கைவைப்பது இந்த மூன்றிலும்தான். வெளியே வரும் வழியையே அது குறுக்கிவிடுகிறது. இதை மன உறுதியின்மை என்று சொல்வது, காலில் கட்டுப் போட்டவரை ஓடவில்லை என்று ஏசுவதற்குச் சமம்.

நல்ல செய்தியும் உண்டு. நீண்டகாலம் கஞ்சா பிடித்தவர்களின் மூளையில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்திருந்ததையும், சுமார் நான்கு வாரம் நிறுத்திய பிறகு அவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியதையும் 2012-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. இளவயதில் கஞ்சா பிடித்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-ல் பார்த்தபோது, மூன்று நாளுக்கு மேல் நிறுத்தியவர்களிடம் அறிவுத்திறன் குறைவு மிகச் சிறிதாகிவிட்டிருந்தது. செயற்கைக் கன்னாபினாய்டில் மீட்சி இவ்வளவு விரைவாக வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. மூளை திரும்பி வரக்கூடியது என்ற நம்பிக்கைக்கு மட்டும் அடிப்படை இருக்கிறது.

ஆனால் திடீரென்று நிறுத்துவதைத் தனியாகச் செய்யக் கூடாது. வியர்வை, தூக்கமின்மை, வாந்தி, கடும் எரிச்சல் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். இதை முறிக்கும் தனிமருந்து எதுவும் இல்லை, ஆனால் அறிகுறிகளைச் சமாளிக்க மருத்துவம் இருக்கிறது. இந்தியாவில் போதை மீட்பு ஆலோசனைக்கான கட்டணமில்லா எண் 14446. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் தாமதிக்காமல் 108. என்ன புகைத்தார் என்று தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமான பரிசோதனை காட்டிக்கொடுக்காது என்பதால் உங்கள் வாய்ச்சொல்தான் அவருக்கு வழி.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அது முடிந்ததும் அடுத்தது. மருத்துவமனை நாள், மாத்திரை நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மறந்ததைக் குற்றமாகச் சுட்டாமல் மறுபடி சொல்லுங்கள். முக்கியமான பேச்சை அவர் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, முகம் சொல்லிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் பாசத்தையும் கவலையையும் வாயால் சொல்லும் பழக்கம் குறைவு. தட்டில் இன்னொரு தோசை வைப்பதிலும் ஒரு பார்வையிலும் அதைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பார்வையை இப்போது அவரால் படிக்க முடியாமல் இருக்கலாம். ஆகவே "எனக்குக் கோபம் இல்லப்பா, பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க அசட்டுத்தனமாக இருந்தாலும் சொல்லுங்கள். முதல் தடவை அவர் நம்பமாட்டார். நான்காம் தடவையும் அதே குரலில் சொல்லுங்கள். சிகிச்சை மருத்துவமனையில் நடக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை இந்தச் சொற்களில் நடக்கிறது. அதற்குச் செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும். அந்தப் பொறுமை வீட்டில் ஒருவருக்காவது இருந்தால், திரும்பி வரும் வழி அவருக்குத் திறந்தே இருக்கும்.